சாட்சிப் படலம்

12 செப்டம்பர் 1999

நான்கு பக்கம் எழுதினால் பதிலுக்குப் பிறந்தநாள் அட்டை மட்டும் அனுப்பும் என் ஒரே நாத்தனாருக்கு,

இங்கே மூவரும் நலம். உன் அண்ணன் போன வாரம் தன் வலது கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். முப்பது வருடமாக ஊரார் பல்லைப் பிடுங்கிய டாக்டர், ஊசியைக் கண்டதும் நாற்காலியிலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார். தெளிந்ததும், "என்கிட்ட வந்தவங்க ஒருத்தர்கூட வலிக்குதுன்னு சொன்னதே இல்லையே" என்று ஆச்சரியம் வேறு. "வாய்க்குள்ள கையை விட்டுக்கிட்டிருந்தா எப்படிப்பா சொல்லுவாங்க?" என்று உன் மருமகள் கேட்டாள். குண்டூசிக்குப் பதினேழு முடிந்துவிட்டது. குத்தல் மட்டும் குறையவில்லை. அப்படியே அத்தை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பல் கதை சொல்ல மட்டும் நான் பேனாவைத் திறக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

ஆய்வுக்கூடத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். பழைய அலமாரியைக் காலி செய்தபோது நம் ராக்கெட் காலத்துப் பதிவேடுகள் கிடைத்தன. எல்லாம் உன் எறும்புக் கையெழுத்து. ஒவ்வொரு படலத்துக்கும் எடை, அடுக்கு, தடிமன், தேதி. ஓரத்தில் உன் வாய்த்துடுக்கு: "இன்று அண்ணி தும்மியதில் மூன்று படலம் காலி." வீட்டுக்கு எடுத்து வந்து படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். குண்டூசி வந்து என்னவென்று கேட்டாள்.

சொன்னேன். வானம் முழுக்க ஒரு மெல்லிய எக்ஸ் கதிர் ஒளி பரவியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. அதனால் கருவியை ராக்கெட்டில் ஏற்றி ஐந்து நிமிடம் மேலே வைத்துத்தான் பிடிக்க வேண்டும். கருவிக்குக் கண்ணாடியில் ஜன்னல் வைத்தால் அந்தக் கதிர் உள்ளே நுழையாது. ஆகவே பிளாஸ்டிக் கரைசலைத் தண்ணீர்த் தொட்டியில் சொட்டு விட்டு, அது விரிந்து படலமானதும் ஒரு சட்டத்தால் தூக்குவார்கள். ஆறு முறை தூக்கினால் ஆறு அடுக்கு. அதற்குப் பிறகும் தலைமுடியின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்குதான் தடிமன். அதைச் செய்தவள் உன் அத்தை. நாள் முழுக்கத் தொட்டியின் மேல் குனிந்தே இருந்ததால் தண்ணிப்பூச்சி என்று பெயர் வைத்தவள் நான்.

"அத்தையா? அத்தை லென்ஸ் கம்பெனியில இல்ல இருக்காங்க?" என்றாள். நீ என்னோடு ஐந்து வருடம் வேலை பார்த்ததே அவளுக்குத் தெரியாது. நாம் இருவரும் எவ்வளவு கச்சிதமாக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம் பார்.

ஒரே ஒரு கேள்வி. நீ எப்போதும் இரட்டையாகத்தான் செய்வாய். ராக்கெட்டில் போவது பயணி, அலமாரியில் இருப்பது சாட்சி. பயணி இறங்கும்போது கிழிந்துவிடும், பிறகு சந்தேகம் வந்தால் சாட்சியைக் கேட்கலாம் என்பது உன் ஏற்பாடு. எல்லாச் சாட்சிகளும் அப்படியே இருக்கின்றன. இரண்டாவது ராக்கெட்டின் சாட்சியை மட்டும் காணோம். அந்த இடத்தில் ஒரு சீட்டு, உன் எழுத்தில்: "எடுத்துக்கொண்டேன்."

உன்னிடம் இருக்கிறதா?

அன்புடன்,
அண்ணி


30 செப்டம்பர் 1999

அலமாரியை நோண்டினாலும் பாசத்தோடு நோண்டும் அண்ணிக்கு,

அண்ணனை வலப்பக்கம் மெல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். மயங்கி விழுந்ததை நான் கேட்டுச் சிரித்ததாகச் சொல்ல வேண்டாம். சின்ன வயதில் நான் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாலே கண்ணை மூடிக்கொள்ளும் ஆள். பல் டாக்டர் ஆனதே எங்கள் வீட்டில் பெரிய அதிசயம்.

எனக்கு இங்கே குறை ஒன்றும் இல்லை. வீடு மூன்றாம் மாடி, எதிரே பஸ் டிப்போ. காலையில் துடைத்த ஜன்னலில் மாலையில் பெயர் எழுதலாம். கம்பெனியில் கடைசி மேஜை என்னுடையது. எல்லோரும் தேய்த்து, மெருகேற்றி, கழுவிய லென்ஸை நான் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டியில் போகும். நான் போடாவிட்டால் போகாது. மேலாளரே வந்து நின்றாலும் போகாது. அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மூக்குக்கண்ணாடி. லென்ஸ் கம்பெனிக்கே மேலாளர், ஆனால் தன் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று ஒரு நாளைக்குப் பத்து முறை தேடுவார். பாதி நேரம் அது நெற்றியில் இருக்கும்.

சாட்சி என்னிடம்தான் இருக்கிறது. பிஸ்கட் டப்பாவில் சட்டத்தோடு வைத்திருக்கிறேன். அதன் மேல் பொத்தான் டப்பா, அதன் மேல் இஸ்திரிப் பெட்டி. பதினேழு வருடமாக யாரும் கேட்கவில்லை, அதுவும் நிம்மதியாக இருக்கிறது. அப்படியே இருக்கட்டுமே. தராசு முள்ளைச் சுழியில், அதாவது பூஜ்யத்தில், நிறுத்தாமல் எடை போட்டுவிட்டேன், அதனால் தடிமனைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று அன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. கையெழுத்துப் போட்ட விஷயத்தை மறுபடி எதற்குக் கிளற வேண்டும்?

குண்டூசிக்கு ஒரு பேனா அனுப்பியிருக்கிறேன். அத்தைக்குக் கடிதம் எழுத அல்ல, படிக்க.

உங்கள்
நாத்தனார்


21 அக்டோபர் 1999

கல்லுளிமங்கி நாத்தனாருக்கு,

உன் அண்ணன் இடப்பக்கம்தான் மெல்லுகிறார். நீ சிரித்ததாக நான் சொல்லவில்லை, குண்டூசி சொல்லிவிட்டாள்.

இப்போது இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு நான் சொல்வதைப் படி.

நம் முதல் ராக்கெட்டும் இரண்டாவதும் ஒரு வருட இடைவெளியில் வானத்தின் ஒரே பகுதியைப் பார்த்தன. இரண்டாவது முப்பது சதவீதம் அதிக ஒளியைக் கண்டது. நான் கரும்பலகையின் முன்னால் நின்று என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "இந்த ஒளி சூரியனைச் சுத்தி இருக்கற கொதிக்கிற வாயுக் குமிழியிலேருந்து வருது. குமிழியோ நூத்துக்கணக்கான ஒளியாண்டு அகலம். அது ஒரே வருஷத்துல பிரகாசமாக வழியே இல்ல. வானம் மாறாது. அப்ப மாறினது நம்ம ஜன்னல்தான்." ஜன்னல் என்றால் நீ. நம் அளவில் அதன் தடிமன் இருபத்துநான்கு என்று எழுதியிருந்தாய். பதினைந்தாக இருந்தால்தான் அவ்வளவு கதிர் உள்ளே வர முடியும். இரண்டு நாள் கழித்து நீ வந்து, தராசின் மேல் பழியைப் போட்டு, பதினைந்துதான் என்றாய்.

மூன்று வருடம் முன்பு ஒரு வால் நட்சத்திரம் எக்ஸ் கதிரில் ஒளிர்வதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்தோம். வெறும் பனிக்கட்டியும் தூசியும் எப்படி எக்ஸ் கதிர் விடும்? அப்புறம் புரிந்தது. சூரியனிலிருந்து எப்போதும் ஒரு காற்று வீசுகிறது. அதில் எலக்ட்ரான்களைப் பறிகொடுத்த ஆக்சிஜனும் கார்பனும் ஓடி வருகின்றன. வழியில் சும்மா போகிற அணு எது கிடைத்தாலும் அதனிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கும். பிடுங்கிய கையோடு மெல்லிய எக்ஸ் கதிரை விடும். அதற்கு வால் நட்சத்திரம்தான் வேண்டும் என்றில்லை. சூரியக் குடும்பத்துக்குள் மிதந்து வருகிற ஹீலியம் போதும். பூமியைச் சுற்றியிருக்கிற மெல்லிய ஹைட்ரஜன் போதும்.

ஆக, நாம் பிடித்த ஒளியில் ஒரு பங்கு அந்தத் தொலைதூரக் குமிழியிலிருந்து வரவே இல்லை. இங்கே, நம் வாசலிலேயே பிறக்கிறது. காற்று பலமாக வீசினால் கூடும், ஓய்ந்தால் குறையும். உன் தொழிலை வைத்தே சொல்கிறேன்: வெளியே மூடுபனி என்று நினைத்தோம், அதில் கொஞ்சம் நம் மூக்குக்கண்ணாடியில் படிந்த ஆவி. வெளியேயும் பனி இருக்கிறது, குமிழி இல்லை என்று நான் சொல்லவில்லை. எது எவ்வளவு என்பதுதான் இப்போது எங்கள் எல்லோருடைய சண்டையும்.

ராக்கெட் போன நாட்களில் சூரியக் காற்று எப்படி இருந்தது என்று தேடினேன். அப்போதே ஒரு செயற்கைக்கோள் அதை அளந்துகொண்டிருந்தது. முதல் ராக்கெட் நாளில் காற்று ஓய்ந்து கிடந்தது. இரண்டாவது நாளில் சூறாவளி. உன் பழைய எண்ணை, அந்த இருபத்துநான்கை, வைத்துக் கணக்குப் போட்டேன். கச்சிதமாகப் பொருந்துகிறது. கூடிய முப்பது சதவீதமும் காற்றின் வேலை.

கட்டுரையாக எழுதி அனுப்பினேன். திருப்பிவிட்டார்கள். "அந்த ஜன்னல் தவறானது என்று உங்கள் குழுவே கையெழுத்திட்டு அறிவித்திருக்கிறது. இப்போது அதையே எப்படி நம்புவது?" நியாயம்தானே. சாட்சியை அளந்து காட்டினால் ஏற்பார்கள். வேறு வழி இல்லை.

நேராகவே கேட்கிறேன். நீ தராசைச் சுழியில் நிறுத்த மறந்தாயா? தூக்கத்தில்கூடச் சட்டத்தைச் சாயாமல் பிடிக்கிறவள் நீ. பொய் சொன்னாய் அல்லவா? ஏனடி சொன்னாய்? அந்தத் தரவு முழுவதையும் தள்ளுபடி செய்தோம். வால் நட்சத்திரத்துக்குப் பதினான்கு வருடம் முன்பே அந்தக் காற்று நம் கருவிக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. ஏன் கூடியது என்று நான் கேட்டிருப்பேன். என்னைக் கேட்கவிடாமல் செய்துவிட்டாய். இந்தப் பக்கத்தை இரண்டு முறை கிழித்து எழுதினேன். கோபம் போகவில்லை, அப்படியே அனுப்புகிறேன்.

அண்ணி


9 நவம்பர் 1999

அண்ணிக்கு,

கோபத்தை அப்படியே அனுப்பியதற்கு நன்றி. என் கோபத்தை அனுப்ப எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

ஆமாம், பொய்தான். தராசு சுழியில்தான் நின்றது. மூன்று முறை எடை போட்டேன். மூன்று முறையும் இருபத்துநான்கு.

ஏன் சொன்னேன் என்று கேட்டீர்கள். ராக்கெட்டுக்குப் பணம் ஒதுக்குகிற குழு கூடுவதற்கு முந்தின நாள். உங்களுக்கு ஏழு மாதம். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் அண்ணனுடைய செருப்பை மாட்டிக்கொண்டு, மாடிப்படியில் படக் படக் என்று ஏறி வந்தீர்கள். குழுத்தலைவர் நடையில் நின்று இன்னொருவரிடம் பேசியது என் காதில் விழுந்தது. "முப்பது சதவீதம் ஏன் கூடுச்சுன்னு அந்தம்மாவால சொல்ல முடியலன்னா மூணாவது ராக்கெட் கிடையாது. குழந்தையைப் பாத்துக்கிட்டு வீட்ல இருக்கட்டும்." இதை நான் உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்தச் செருப்போடு அவர் அறைக்குப் போயிருப்பீர்கள்.

நீங்கள்தான் வானம் மாறாது என்று சொல்லிவிட்டீர்களே. அப்படியானால் மிச்சம் இருந்தது நான் ஒருத்தி. சரி, தப்பு என்னுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை.

ஆனால் அண்ணி, நான் சொன்னதும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, "அப்பாடா" என்றீர்கள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லடி, யாருக்கும் வர்றதுதான்" என்றீர்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சாட்சி அலமாரியில் இருந்தது. பெட்டிக்குள் வைத்து, பம்ப்பைப் போட்டு, காற்றை இறைத்துவிட்டு, கதிரின் முன்னால் காட்டினால் தடிமன் தெரிந்துவிடும். அரை நாள் வேலை. குழு முடிந்தது, மூன்றாவது ராக்கெட்டும் கிடைத்தது. இனிமேல் நிதானமாக அளப்பீர்கள், கண்டுபிடிப்பீர்கள், "ஏண்டி பொய் சொன்ன?" என்று என் காதைத் திருகுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். பிடிபடுவேன் என்ற தைரியத்தில்தான் அண்ணி பொய்யே சொன்னேன். பக்கத்து அறையில் தொட்டியைக் கழுவுகிற சாக்கில் உட்கார்ந்துகொண்டு, பம்ப் சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்தேன். அந்தப் பம்ப் ஓடினால் சுவரே அதிரும், தவறவிட முடியாது. ஒரு நாள் இல்லை, மூன்று வாரம். கழுவிக் கழுவித் தொட்டியின் பூச்சே போய்விட்டது.

பம்ப் ஓடவில்லை.

ஐந்து வருடம் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர் நீங்கள். தராசை மறக்கிறவளா நான் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? நான் தப்பு செய்ததாக ஊரே நம்பியது, அதைத் தூசி மாதிரித் தட்டிவிட்டேன். நீங்கள் நம்பியதைத்தான் தட்ட முடியவில்லை. அதனால்தான் சாட்சியை எடுத்துக்கொண்டு வேலையை விட்டேன்.

இப்போது கேட்கிறீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் கேட்பேன். ஆனால் இங்கே என் கையெழுத்தை நம்பி நாள்தோறும் ஆயிரக்கணக்கான லென்ஸ் வெளியே போகிறது. யாரோ ஒருவர் அதைப் போட்டுக்கொண்டுதான் எதிரே இருக்கிற டிப்போவிலிருந்து பஸ்ஸை எடுக்கிறார். பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் என்று அச்சில் வந்துவிட்டால், மறுநாள் நான் எந்த முகத்தோடு அந்தக் கடைசி மேஜையில் உட்காருவேன்? எனக்கு என்று இருப்பது அந்த மேஜை ஒன்றுதான்.

சாட்சியைத் தரமாட்டேன். குண்டூசிக்கு அத்தையின் முத்தம்.

நாத்தனார்


17 நவம்பர் 1999

என் செல்லத் தண்ணிப்பூச்சிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். எழுந்து போய், செருப்பு வைக்கும் தட்டை ஒரு மணி நேரம் துடைத்தார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் உன்னிடம் இனி எதையும் கேட்க எனக்கு வாய் கிடையாது.

நான் நம்பவில்லை.

"தராசைச் சுழியில நிறுத்தல அண்ணி" என்று நீ சொன்ன அன்று என் காது கேட்டுக்கொண்டது, மனசு கேட்டுக்கொள்ளவில்லை. அந்த "அப்பாடா" வாயிலிருந்து வந்தது. குழு முடிந்த மறுநாள் அலமாரிச் சாவியைக் கையில் எடுத்தேன். அலமாரிவரை போனேன். அளந்து, இருபத்துநான்கு என்று வந்துவிட்டால் என்ன செய்வேன் என்று நின்றேன். நீ பொய் சொன்னது தெரிந்துவிடும், தெரிந்த பிறகு நான் சும்மா இருக்க முடியாது, குழுவிடம் போக வேண்டும், மூன்றாவது ராக்கெட் போய்விடும். சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன். அடுத்த வாரம் இன்னொரு முறை எடுத்தேன். அன்றும் மாட்டிவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நீ காத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உனக்கு வேலை அதிகம் என்று நினைத்தேன்.

அப்புறம் குண்டூசி பிறந்தாள். திரும்பி வந்தபோது நீயும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆளைக் காணோமே என்று அழுதேன். சாட்சியைக் காணோம் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டும் ஒரே நாளில். முதல் கடிதத்தில் இப்போதுதான் கவனித்ததுபோல் கேட்டதும் நடிப்புதான்.

ஆகவே போன கடிதத்தில் உன்மேல் கோபப்பட்டேனே, அது பித்தலாட்டம். என்னைக் கேட்கவிடாமல் செய்தது நீ இல்லை. கேட்காமல் இருந்தது நான். வானத்தை அளக்கிறேன் என்று சம்பளம் வாங்குகிறவள், ஒரு சாண் பிளாஸ்டிக்கை அளக்கப் பயந்தேன். தப்பை உன் தலையில் கட்டிவிட்டு மூன்றாவது ராக்கெட்டின் கீழே நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டேன். அந்தப் போட்டோ இப்போதும் நடுக்கூடத்தில் தொங்குகிறது. நேற்றுக் கழற்றிவிட்டேன்.

சாட்சியை அனுப்பாதே. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அந்தக் கடைசி மேஜை உனக்கு வேண்டும். காற்று எவ்வளவு, குமிழி எவ்வளவு என்பதை இனி வருகிற ராக்கெட்டில் யாராவது பிரித்துக்கொள்ளட்டும். வானம் அதுவரை எங்கேயும் போகாது.

குண்டூசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அத்தை சரின்னு தெரிஞ்சும் பதினேழு வருஷம் சும்மா இருந்தியாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து என்னோடு அளந்துதான் பேசுகிறாள். எனக்கு வேண்டாம், அவளுக்காவது ஒரு வரி எழுது.

உன்
அண்ணி


20 டிசம்பர் 1999

தண்ணிப்பூச்சிக்கு,

குண்டூசிக்கு நீ அனுப்பிய அட்டை வந்தது. "அம்மாவிடம் பேசு" என்று இரண்டே சொல். இரண்டையும் அவள் கேட்டுக்கொண்டாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. கேட்கவில்லை, சொல்கிறேன்.

புதுக் கட்டடத்துக்கு வந்துவிட்டோம். இங்கே சத்தமே போடாத பம்ப் வாங்கியிருக்கிறார்கள். ஓடுகிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். பழையதைக் காயலான் கடைக்குப் போடப் போகிறோம் என்றார்கள். விடமாட்டேன் என்று சண்டை பிடித்து என் அறைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்திருக்கிறேன். எண்ணெய் ஒழுகுகிறது. கீழே இரண்டு நாள் செய்தித்தாளை விரித்திருக்கிறேன். போட்டுப் பார்த்தேன், ஓடுகிறது. மேஜையில் இருந்த டீ கிளாஸ் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கே வந்துவிட்டது. உடனே நிறுத்திவிட்டேன்.

ஏன் வைத்துக்கொண்டேன் என்று யாரும் கேட்கவில்லை. உன் அண்ணனுக்கு மட்டும் தெரியும்.

அண்ணி


29 ஜனவரி 2000

எண்ணெய் ஒழுகும் பம்ப்பைத் தத்தெடுத்த அண்ணிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீங்கள் பதினேழு வருடம் எடுத்துக்கொண்டீர்கள், நான் பத்து வாரம்கூட எடுத்துக்கொள்ளக் கூடாதா?

"நான் நம்பவில்லை" என்ற வரியைப் படித்ததும் முதலில் ஆத்திரம்தான் வந்தது. கடிதத்தைக் கசக்கி மூலையில் எறிந்தேன். மறுநாள் எடுத்து இஸ்திரி போட்டேன், நிஜமாகவே. போட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்று உறைத்தது. நான் தராசை மறக்கமாட்டேன் என்று உங்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இத்தனை வருடமாக எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான் அண்ணி. நின்ற நிலையில் அழுதேன். கடிதத்தின் ஓரம் கொஞ்சம் கருகிவிட்டது. சாவியை ஆணியில் மாட்டியதற்கு உங்களைத் தனியாகத் திட்ட வேண்டியிருக்கிறது. அதை நேரில், சாவகாசமாக வைத்துக்கொள்கிறேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றதாக எழுதினீர்கள். யாரைக் கேட்டுப் பெற்றீர்கள்? அது என் ஜன்னல் வழியாக வந்த காற்று.

போன திங்கட்கிழமை மூக்குக்கண்ணாடியின் அறைக்குப் போனேன். "பதினேழு வருஷம் முன்னாடி வேற இடத்துல ஒரு அளவைப் பத்திப் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டேன் சார்" என்றேன். மேஜை முழுக்கக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே, "தப்பான அளவைச் சரின்னு எழுதினியா?" என்றார். "இல்ல சார், சரியான அளவைத் தப்புன்னு எழுதினேன்." தேடுவதை நிறுத்திவிட்டார். "இந்தத் தொழில்ல இருபத்தஞ்சு வருஷம் இருக்கேன். தப்பைச் சரின்னு சொல்றவங்களைத்தான் பாத்திருக்கேன்" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. கண்ணாடி நெற்றியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் உத்தரவு வந்தது. மூன்று மாதத்துக்கு என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்தும் வேண்டும். நான் வேலை கற்றுக்கொடுத்த பெண் நான் பார்த்த லென்ஸை மறுபடி பார்க்கிறாள். முதல் நாள் எனக்குக் காது சுட்டது. அவளோ ஒப்புக்குப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். "நல்லாப் பாரு, கூச்சப்படாத" என்றேன். பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. மேஜை இன்னும் என்னுடையதுதான், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே நீங்கள் அச்சில் என்ன போட வேண்டுமோ போடுங்கள். பழைய காகிதத்தில் எழுதியது பொய் என்று புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி பத்து, வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு அங்கே வந்து சேரும் வண்டியில் வருகிறேன். சாட்சியைத் தபாலில் அனுப்பினால் பொடியாகத்தான் வந்து சேரும், அதனால் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். ஆறு மணி நேரம் தும்மக் கூடாது. அண்ணனை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கள், ஆனால் வண்டியைப் பள்ளம் மேடு பார்த்து ஓட்டச் சொல்லுங்கள். குண்டூசி ஓடி வந்து மேலே விழக் கூடாது. நீங்களும் என்னைக் கட்டிப்பிடிக்கக் கூடாது. கையில் டப்பா இருக்கும்.

நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போவோம். டப்பாவைத் திறக்கும்போது நான் கூட இருக்கிறேன், சட்டத்தைப் பெட்டிக்குள் நானே வைக்கிறேன், அதை மட்டும் உங்களை நம்பி விட முடியாது. வைத்ததும் வெளியே வந்துவிடுவேன். மிச்சத்தை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டும். என் எண்ணை மறந்துவிட்டு, முதல் தடவை பார்க்கிற மாதிரி அளக்க வேண்டும். அந்தச் சத்தம் போடாத புதுப் பம்ப் வேண்டாம். பழையதைப் போடுங்கள், எண்ணெய் ஒழுகினாலும் பரவாயில்லை, நான் துடைத்துக்கொள்கிறேன்.

நான் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பேன். எண் என்ன வந்தது என்று கேட்க மாட்டேன், அது எனக்குத் தெரியும். சுவர் அதிர ஆரம்பித்ததும் எழுந்து வந்து உங்களைக் கட்டிக்கொள்கிறேன்.

உங்கள்
தண்ணிப்பூச்சி